ஒரு நாள் தூரம்

என் அண்ணனை இந்தப் பக்கங்களில் 'அவன்' என்றே எழுதப் போகிறேன். எட்டு வயது மூத்தவன். முகத்துக்கு நேரே 'நீங்க' என்று சொல்லித்தான் அவனிடம் பேசி வளர்ந்தேன். அந்த மரியாதை எந்த நாளில், யார் முன்னால் போனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். படிக்கிறவர்களுக்கு என் பேச்சு கசக்கலாம். கசந்தால் கசக்கட்டும். நான் அவனோடு சமாதானமாகி இதை எழுதவில்லை.

பூம்பாறையில் எங்களுக்குப் பூண்டுக் காடு. வயலை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். சரிவைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கி நிறுத்திய காடு. ஒரு மழைக்கு நாலு கல்லாவது உருண்டுவிடும், மறுநாள் தூக்கி வைக்க வேண்டும். அண்ணன் அந்தக் கல்லில் கை வைத்தவனல்ல. அவனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. கொடைக்கானலில் தங்கிப் படித்தான், பிறகு மதுரையில் காலேஜ், அதற்குப் பிறகு ஐம்பதுகளின் தொடக்கத்தில் லண்டன். அவன் போன வருஷம் என் படிப்பை அப்பா நிறுத்தினார். காட்டுக்கு ஆள் வேண்டும் என்றார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லை.

பத்து வருஷத்துக்குப் பக்கமாக அவன் வரவில்லை. பிறகு ஒரு பங்குனியில் திடீரென்று வந்து இறங்கினான். விமானத்தில் வந்திருந்தான். எங்கள் ஊர்க்காரர்களில் அதில் ஏறிய முதல் ஆள் அவன்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேலப்பர் கோயிலைச் சுற்றி வந்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம் மூத்தவன், பிளேன்ல வந்தான்" என்றார். நான் பின்னாலேயே தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு போனேன்.

இருந்த ஒரு வாரமும் அவன் காட்டில் இறங்கவில்லை. அட்டை கடிக்கும் என்றான். அடுப்புப் புகை கண்ணை எரிக்கிறது என்றான். போவதற்கு முந்தின நாள் பெட்டியிலிருந்து ஒரு உலகப் படத்தை எடுத்தான். விமானக் கம்பெனிக்காரர்கள் பயணிகளுக்குக் கொடுத்தது. நாடுகளின் மேலே சிவப்புக் கோடுகள் ஓடின. அப்பாவின் கட்டிலில் அதை விரித்துப் போட்டு விரலால் காட்டினான்.

"இதுப்பா லண்டன். இது பம்பாய். நாலாயிரத்தஞ்ஞூறு மைல்."

அப்பா குனிந்து பார்த்தார். "இம்புட்டுத் தூரத்தையும் எம்புட்டு நேரத்துலடா வந்த?"

"இப்ப ஜெட் வந்திருச்சுல்ல. அங்க காலையில ஏறினா மறுநாள் விடியறதுக்குள்ள பம்பாய். அங்கேர்ந்து மெட்ராஸ் மூணு மணி நேரம்." அவன் சிரித்தான். "மெட்ராஸ்ல இருந்து நம்ம ஊருக்கு வரத்தாம்ப்பா நேரம் ஆகுது."

அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப எங்களுக்கு ஒண்ணுன்னா வந்துருவியா ராசா?"

"ஒரு தந்தி குடுங்க. மறுநாள் உங்க பக்கத்துல நிப்பேன்."

லண்டனிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து ரயில், மலை ரோடு, அதற்கு மேல் எங்கள் ஊர் பஸ் என்று நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் மறுநாள் வராது. ஆனால் அதை அங்கே சொன்னால் பொறாமை என்பார்கள். அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: ஒரு நாள்.

அவன் போனதும் அந்தப் படத்தை அப்பா சோற்றுப் பசை தடவி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார். சந்தையில், பஸ்ஸில், தேங்காய்க் கடையில், எங்கே நின்றாலும் அதே பேச்சு: "லண்டன் என்ன தூரம்? ஒரு நாள்." அந்தக் காலத்தில் நான் பூண்டு மூட்டையைக் குதிரை மேல் ஏற்றிக் காட்டுப்பாதையில் பழனிக்கு இறங்குவேன். போய்வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். களைத்து வந்து மூட்டைச் சாக்கை உதறும்போது, வீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் அப்பா சொல்வார், "இந்தா இருக்கற பழனிக்குப் போயிட்டு வர இவனுக்கு மூணு நாள் வேணும். அவன் லண்டன்ல இருந்து ஒரு நாள்ல வர்றான்." வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். முதல் தடவை அது வேடிக்கையாக இருந்தது. பத்தாவது தடவை கையிலிருந்த வாளியை விட்டெறியலாம் போல இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்கழியில், பூண்டுத் தாளெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலையில், அப்பா காட்டில் விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் என்னை வெளியே அழைத்து, "வீட்டுக்குக் கொண்டுபோங்க, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். அது சனிக்கிழமை. அங்கிருந்தே தபாலாபீசுக்குப் போய் லண்டனுக்குத் தந்தி கொடுத்தேன். திங்கட்கிழமை பதில் தந்தி வந்தது. விமானத்தில் புறப்படுகிறேன் என்று இருந்தது.

அதை அப்பாவின் காதருகே உரக்கப் படித்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, ஆனாலும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கண் வாசலை விட்டு நகரவில்லை. வளைவில் பஸ் ஒலி எழுப்பினால் தலையைத் தூக்கப் பார்ப்பார். நான் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். "அவன்... வரட்டும்" என்பார். அந்த இரண்டு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. அவரைத் துடைத்துவிட்டவன் நான், புரட்டிப் போட்டவன் நான், துணி அலசியவன் நான். கஞ்சி மட்டும் அவன் கையால் வேண்டும்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. "ஒரு நாள்னு சொன்னானே" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அவளே, "வந்துக்கிட்டு இருப்பான்" என்றாள். வியாழக்கிழமை காலை வெயில் மேல்காட்டில் ஏறும் நேரத்துக்கு அப்பா போய்விட்டார். முகம் வாசல் பக்கம் திரும்பியே இருந்தது.

அப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். உடம்பை எடுக்க அம்மா விடவில்லை. "அவன் வழியில இருக்கான். எம் மகன் முகம் பாக்காம எடுக்க விட மாட்டேன்" என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனிக் காலமாக இருந்ததால் ஒரு நாள் தாங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் ஊர்ப் பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். எங்களுக்குப் பங்காளி முறை, நிதானமான ஆள்.

"தம்பி, இதுக்கு மேல வச்சிருக்கக் கூடாது. மூத்தவன் எங்க இருக்கான்னு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப நீதான் வைக்கணும். ஆத்தாட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் சொன்னார். அம்மா கத்தினாள். நாலு பொம்பளைகள் பிடித்துக்கொள்ள, நாங்கள் எடுத்தோம். பொழுது சாய்வதற்குள் நான் கொள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். மதுரை டாக்சி ஒன்று வந்து நின்றது. அவன் இறங்கினான். முகம் மழித்திருந்தது. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. கூட்டத்தையும் என் மொட்டைத் தலையையும் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

"எடுத்துட்டியா?" என்றான்.

"நேத்து எடுத்தோம்ணே. ரெண்டு நாள் வச்சிருந்தோம். நீங்க வரல."

"ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு? நான் மூத்தவன் உயிரோட இருக்கேன், நீ யாரு கொள்ளி வைக்க?" அவன் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "காடு கைக்கு வரணும்னு அம்புட்டு அவசரமா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டான். என் கையில் பால் செம்பு இருந்தது. "வழியில என்னண்ணே ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

விமானம் பாலைவனத்தில் ஏதோ ஒரு ஊரில் இறங்கியபோது எஞ்சின் கெட்டுவிட்டதாம். வேறு எஞ்சின் வரும் வரைக்கும் எல்லோரையும் அங்கேயே உட்கார வைத்துவிட்டார்களாம். அம்மா ஓடிவந்து அவன் மேல் விழுந்தாள். "எங்கெங்கயோ கெடந்து வந்திருக்கியே என் ராசா" என்று அழுதாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் அதற்கு முன்னால் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் நான்தான் குற்றவாளி. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவன் பாலைவனக் கதையைச் சொல்வான். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. முதலில் எஞ்சின் மட்டும்தான் கெட்டிருந்தது. பிறகு மணல் புயல் வந்தது. பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, வெளியே போகும்போது என்னைப் பார்ப்பார்கள். "ஒரு நாள் பொறுத்திருக்கலாம்ல தம்பி" என்று கவுஞ்சியிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் என் தோளைத் தட்டிச் சொன்னார். அம்மா அவனுக்குச் சோறு போடுவாள். என் தட்டைத் தரையில் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொடைக்கானலிலிருந்து கம்பளித் துணிக்கடைக்காரர் வந்தார். அப்பாவுக்கு வெகுநாள் பழக்கம். அவருடைய மகள் பம்பாயில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்; பேரனைப் பார்க்க அங்கே போய்த் திரும்பியவர், பல நாள் கழித்துத்தான் சேதி கேள்விப்பட்டாராம். அவர் நல்ல மனுஷர். பொடி வைத்துப் பேசத் தெரியாது. பந்தலில் அண்ணனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அன்னிக்கு பிளேன்ல பம்பாய்லேர்ந்து ஒண்ணாத்தானே வந்தோம்! அப்பாவுக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க? மீனம்பாக்கத்துல இறங்கி ஒரே டாக்சியில எழும்பூருக்கு வந்தோமே. நான் சாயங்கால ரயிலுக்குப் போறேன், வாறீங்களான்னு கேட்டேன். ஒரு சோலி இருக்குன்னு ஓட்டல்ல எறங்கிட்டீங்க."

அண்ணன் தன் கையை விடுவித்துக்கொண்டான்.

நான்தான் கேட்டேன். "அது என்னிக்குங்க?"

"செவ்வாக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் நான் கடையில இருந்தேன்."

புதன்கிழமை மத்தியானம் என் அப்பா உயிரோடு இருந்தார். வளைவில் பஸ் ஒலித்தபோது தலையைத் தூக்கப் பார்த்தார். அந்த பஸ்ஸில் அவன் வந்திருக்க முடியும். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"நீ எங்கடா இருந்த?" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"மரியாதையாப் பேசு."

"செவ்வாக்கிழமை மெட்ராஸ்ல எறங்கினவன் சனிக்கிழமை வரைக்கும் எங்கடா இருந்த? பாலைவனத்துலயா?"

அவன் எழுந்து வீட்டுக்குள் போகப் பார்த்தான். நான் குறுக்கே நின்றேன். பெரியவர், "ஏலே, விடு" என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது. எனக்குப் பதில் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"உசுரோட இருந்தா என்னைய இங்கேயே இருன்னு கேப்பாரும்மா. சத்தியம் வாங்குவாரு. என்னால மாட்டேன்னும் சொல்ல முடியாது, இருக்கவும் முடியாது. ரெண்டு நாள் போனா எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துரும்னு... ரூம்லயே கெடந்தேன்."

நாலாயிரத்தைந்நூறு மைல் பறந்து வந்தவன், ஒரு ராத்திரி ரயிலுக்கு இந்தப் பக்கம் அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும்போது, அவர் சாவதற்காக ஓட்டல் அறையில் காத்திருந்திருக்கிறான். பிறகு முகம் மழித்து, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு நாள் பொறுக்க முடியலையா என்று என்னைக் கேட்டிருக்கிறான். நான் அவனை அறைந்தேன். இரண்டாவது தடவை ஓங்கியபோது பெரியவர் பிடித்துக்கொண்டார். நான் திமிறி வீட்டுக்குள் போய் சுவரில் இருந்த அந்தப் படத்தை நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். பசை இறுகியிருந்தது, காரையும் சேர்ந்து பெயர்ந்தது.

அம்மா பின்னாலேயே வந்தாள். அவனைப் பற்றி ஒரு சொல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ ஏண்டா கேட்ட?" என்றாள். "பாலைவனம்னே இருந்திருக்கும்ல. நீ கேட்டுத்தானே இப்படி ஆச்சு."

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவன் இறங்கிப் போனான். அம்மா பஸ் வரைக்கும் போய் அவனை அனுப்பிவிட்டு வந்தாள். என்னோடு அவள் பேச்சு குறைந்துவிட்டது. உப்பு, மண்ணெண்ணெய் என்று வீட்டுச் சாமான் கேட்பாள், அவ்வளவுதான். அடுத்த வருஷமே அவன் வக்கீல் மூலம் பாகம் கேட்டான். ஊற்று இருந்த மேல்காடு அவன் பக்கம் போயிற்று. அதை வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தான். வந்தவர் ஊற்றுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் காட்டுக்கு நான் குடத்தில் சுமந்தேன்.

அறுபதுகளின் கடைசிப் பக்கம், ஒரு சீசன் சமயத்தில், கொடைக்கானல் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு ஏரிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். படகுத் துறையில் அவன் நின்றான். உடம்பு போட்டிருந்தது. பக்கத்தில் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வடக்கத்திப் பொண்ணு, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான். பார்க்காதது போல நான் போயிருப்பேன், அவன்தான் கூப்பிட்டான்.

"எப்படி இருக்க?"

தோளில் கிடந்த வெறும் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"நாலு நாளா இங்கதான் இருக்கோம். நாளைக்குக் கெளம்பணும். அம்மா நல்லாருக்காளா?"

"பன்னெண்டு மைலு. பஸ் ஓடுது. போயிப் பாரு."

அவன் பிள்ளைகளைப் பார்த்தான். "மலை ஏறி வந்ததுக்கே இதுகளுக்கு வாந்தி. அந்த ரோட்டுல தாங்காதுங்க. அடுத்த தடவை பாக்கலாம்."

அவன் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே அதைக் காரணம் என்று நினைத்துத்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஆத்திரத்தை ஏற்றியது. ஆனால் அவன் பெண் குழந்தை என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் நடந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் பஸ் கண்டக்டர் அவனை ஏரியோரம் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் பஸ்ஸை நிறுத்தி அம்மாவிடமே சொல்லிவிட்டார். அம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வாங்க வாங்க என்று யாரும் அழைக்காத கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். போய்ச் சொல்லவும் செய்தேன்.

"அவன் இன்னிக்கு இறங்கிப் போறான்மா. வரல. பிள்ளைகளுக்கு வாந்தி வருதாம்."

"நீ சொல்லுவ" என்றாள். அவ்வளவு விஷம் அந்தக் குரலில். நான் காட்டுக்குப் போய்விட்டேன்.

ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போயிருக்கிறது. கடைசி பஸ் போன பிறகு வந்தாள். சேலையை மாற்றினாள். அடுப்படியில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்குத் தந்தி குடுக்காத."

"ஊரு என்னம்மா சொல்லும்?"

"என்னத்தையும் சொல்லட்டும். காயிதம்கூடப் போடாத. அவன் வரக் கூடாது." பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சோத்தைப் போடு" என்றாள்.

நான் போட்டேன். சாப்பிட்டாள். அதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என்னிடமும் கனிந்துவிடவில்லை. உப்புக் கூட, புளி குறைச்சல் என்று கடைசி வரை திட்டிக்கொண்டேதான் இருந்தாள். அந்தத் திட்டு எனக்கு மட்டுமே இருந்தது, அது போதும் என்று இருந்தேன்.

மறு வருஷம் மழைக் காலத்தில் காய்ச்சலில் கிடந்து போய்விட்டாள். அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளைய மகன்தான். அதில் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அன்றைக்கே எடுத்தோம். தந்தி கொடுக்கவில்லை, கடிதமும் போடவில்லை.

எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. சில மாதம் கழித்து ஊர்ப் பெரியவருக்கு எழுதியிருந்தான். பெற்ற தாய் செத்ததைக்கூடச் சொல்லாத தம்பி என்று என்னைத் திட்டி, ஊர்க்காரர்கள் நியாயம் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தானாம். பெரியவர் காட்டுக்கே வந்து, "என்னப்பா பதில் போட?" என்று கேட்டார்.

"ஆத்தாதான் சொல்ல வேணாம்னு சொல்லிட்டுப் போச்சுன்னு போடுங்க."

"அதை அப்படியே எழுதவாடா? நல்லாவா இருக்கும்?"

"அப்படியே எழுதுங்க."

எழுதினாரா இல்லையா தெரியாது. நான் பிறகு கேட்டுக்கொள்ளவில்லை. அன்று உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். மழை வருவதற்குள் மூட்டை பிடித்துவிட வேண்டும் என்று ஆட்களை விரட்டிக்கொண்டு நான் கீழ்க்காட்டுக்கு இறங்கிப் போனேன்.